எண் மட்டும் எழுது

தோஹா
2025 ஒக்டோபர் 31, வெள்ளிக்கிழமை, காலை 5.10. ஏப்ரல் பதினெட்டாம் திகதித் தேர்வுக்கு இன்னும் இருபத்துநான்கு வாரம்.

தம்பி றினாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உம்மாவும் தங்கச்சி பஸ்மினாவும் நீயும் சுகம் என்று நேற்று உன் மதினி ஹுஸ்னியா சொன்னாள். ஆகவே திரும்பக் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை.

போனில் எதைச் சொன்னாலும் "ஓம் காக்கா, சரி காக்கா" என்கிறாய். பின்னால் நின்று உம்மா "சாப்பிட்டானாமா கேளு மனே" என்கிறா. இப்படிப் பயிற்சி நடத்த ஏலாது. இனி மின்னஞ்சலில் கடிதமாக எழுதுவோம். எழுதினால் நீ இரண்டு தரம் வாசிக்கலாம், நான் இரண்டு தரம் ஏசத் தேவையில்லை.

போன தடவை அந்தத் திணைக்களத்தின் சைக்கிள் குழுவுக்கு ஐந்து பேரை எடுத்தார்கள். நீ ஆறாவது. வீடியோவைப் பார்த்தேன். கடைசி ஏற்றத்தில் உனக்கு மூச்சு இருந்தது, கால் இருக்கவில்லை. வயதெல்லை இருபத்திரண்டு. வருகிற மே மாதம் உனக்கு இருபத்துமூன்று பிறக்கிறது. இதுதான் கடைசி. எடுபட்டால் நிரந்தர அரச வேலை, சைக்கிளும் உன்னோடு இருக்கும். எடுபடாவிட்டால் காலிதீன் மாமா உன்னை இங்கே ஏற்றிவிடுவார். மருமகன்மார் யாரைக் கண்டாலும் அவருக்கு ஒரு விசா ஞாபகம் வரும். பஸ்மினாவின் வீட்டைக் கட்டி முடிக்காமல் நம் ஊரில் அவளுடைய கல்யாணப் பேச்சை எடுக்க முடியாது. அதுவரை நம் இரண்டு பேரில் ஒருவன் உழைத்தே ஆக வேண்டும். என் ஒப்பந்தம் மே மாதம் முடிகிறது. அதற்குப் பிறகு நீ அந்த அரச வேலையில் இருக்க வேண்டும். நீ இங்கே வரக்கூடாது. ஏன் என்று எழுதினால் உம்மா அழுவா.

இனித் திட்டம். நான் ஜிம் இயந்திரங்கள் திருத்தப் போகும் ஹோட்டல் ஒன்றில் ஒரு சைக்கிள் அணியின் பயிற்றுநர் தங்கியிருக்கிறார். கேபிள் மாற்றிக்கொண்டே அவரைக் கேட்டுக் கேட்டு எடுத்தது இது. பந்தயம் இல்லாத மாதங்களில்தான் சைக்கிள்காரன் பாரம் தூக்க வேண்டும். நமக்கு அது மாரிகாலம். எப்படியும் வீதியில் ஒழுங்காக ஓட ஏலாது. வாரத்தில் இரண்டு நாள். முதல் நான்கு வாரம் பாரம் குறைவு, தடவை அதிகம். உடம்பு பழக வேண்டும். பிறகு பாரம் ஏறும், தடவை குறையும். மார்ச்சில் பாரத்தை விட்டுவிட்டு வீதிக்கு இறங்கு. ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஒற்றைக் காலால் படியேறுதல். இவ்வளவுதான். நெஞ்சும் கையும் பெருப்பிக்காதே. பெருத்ததை ஏற்றத்தில் நீதான் சுமக்க வேண்டும்.

ஊர் ஜிம்மில் இரும்பைவிடக் கண்ணாடிதான் அதிகம். அது வேண்டாம். இரண்டங்குல இரும்புப் பைப் ஆறரை அடி. அது பத்துக் கிலோ. இரண்டு நுனியிலும் ஒவ்வொரு யூரியாப் பை. உள்ளே கடற்கரை மணல். தராசு தேவையில்லை. பால்மா டின் நிறைய மணல் 1.6 கிலோ, இங்கே மணல் அள்ளி நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். டின்னை எண்ணிப் போடு. பைப்பை ஏற்றி வைக்கும் தாங்கி ஒன்று செய்து பஸ்மினாவின் புது வீட்டு நடு அறையில் வை. சீமெந்துத் தரை, மட்டமானது. கூரை இந்த மாதத்தோடு முடியும் என்று தச்சு வேலை ஓடாவி சொன்னவர்தானே.

வஸ்ஸலாம்.
அப்ராஸ்


கல்முனைக்குடி
2025 நவம்பர் 9

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு. அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் உடம்பு எப்படி? போன மாதம் தோள் வலிக்கிறது என்று மதினியிடம் சொன்னீர்களாமே, இப்போது குறைவா? உம்மா உங்களுக்குச் சலாம் சொன்னா. சாப்பிட்டீர்களா என்றும் கேட்கச் சொன்னா. மின்னஞ்சலிலும் அதைத் தப்ப முடியவில்லை, மன்னிக்கவும்.

தாங்கியை நானே ஒட்டினேன். வெல்டிங் கடையில் இரவல் மெஷின். நீங்கள் பார்த்தால் வளைவு என்பீர்கள், ஆனால் நிற்கிறது. நடு அறையில் வைத்தாயிற்று. ஒவ்வொரு பைக்கும் பத்துக் கிலோ, பைப்போடு மொத்தம் முப்பது. மூன்று சுற்று, சுற்றுக்குப் பதினைந்து தடவை. முதல் நாள் செய்துவிட்டு அடுத்த நாள் தொழுகையில் சுஜூதிலிருந்து எழும்பச் சுவரைப் பிடித்தேன். இப்போது பரவாயில்லை.

பக்கத்து வளவு நாச்சியா மாமி மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றா. "என்ன மனே, மூட்டயத் தூக்கி மறுகா அதே இடத்திலயே வெக்காய்? சந்தைக்குப் போய்த் தூக்கினா கூலியாவது தருவானுகள்" என்றா. "மாமி, இது காலுக்கு" என்றேன். "காலுக்கெண்டா நடக்கிறதுதானே" என்றா. அவவுக்கு ஏற்ற பதிலை நீங்கள் எழுதித் தாருங்கள்.

மழை தொடங்கிவிட்டது காக்கா. செவ்வாயிலிருந்து விடவில்லை. காரைதீவுப் பக்கம் வயலுக்குள்ளால் போகும் வீதியில் இரண்டு இடத்தில் தண்ணீர் மேவிப் பாய்கிறது, அதனால் ஞாயிறு ஓட்டம் அரைவாசியோடு திரும்பினேன். புதன் பாரம் தூக்கும்போதும்

இதை எழுதும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது வந்தது. என்ன சொல்ல வந்தேன் என்பது போய்விட்டது.

உங்களுக்காகத் துஆச் செய்யும் தம்பி,
றினாஸ்


தோஹா
2025 நவம்பர் 14

றினாஸுக்கு,

சலாம். சுகம். தோள் ஒன்றுமில்லை, படுத்த பக்கம் பிழை.

உன் கடிதத்தில் தேவையானது மூன்று வரி. மிச்சம் மழை, கரண்ட், நாச்சியா மாமி. தண்ணீர் மேவினதென்றால் வேறு வீதியால் போ. கரண்ட் போனால் இருட்டில் தூக்கு, மணலுக்கு வெளிச்சம் தேவையில்லை. தேர்வில் நிற்பவன் "மழை பெய்தது சேர்" என்று சொல்லப் போகிறானா? இனி எனக்குக் காரணம் எழுதாதே. மழை என்ற சொல்லே வரக்கூடாது. எண் மட்டும் எழுது: எத்தனை டின், எத்தனை தடவை, எத்தனை சுற்று.

கடுமையாக எழுதுகிறேன் என்று பஸ்மினா சொல்வாள். நான் ஒவ்வொரு வெள்ளியும் விடிய எழும்பி இதை எழுதுவது உன்னிடம் நல்ல பெயர் வாங்க அல்ல. இருபத்திரண்டு வாரம்தான் இருக்கிறது.

அடுத்த நான்கு பயிற்சிக்கு ஒவ்வொரு பையிலும் இரண்டிரண்டு டின் கூட்டு.

கூரை முடிந்ததா?

வஸ்ஸலாம்.
அப்ராஸ்


கல்முனைக்குடி
2025 டிசம்பர் 5

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம். நீங்கள் நலமாக இருக்க அல்லாஹ் அருள் புரியட்டும்.

பிந்தியதற்குக் காரணம் எழுதக்கூடாது என்றீர்கள், எழுதவில்லை. உம்மாவோடு நீங்கள் போனில் கதைத்தீர்கள்தானே, அவ சொல்லியிருப்பா.

நவம்பர் 30: மொத்தம் நாற்பது. மூன்று சுற்று, பன்னிரண்டு தடவை.
டிசம்பர் 3: டின் கணக்குப்படி நாற்பத்தைந்து. மூன்று சுற்று. முதல் சுற்று பத்து, இரண்டாவது எட்டு, மூன்றாவது ஐந்து.

நாற்பத்தைந்துதான். ஆனால் தூக்கும்போது

ஒன்றுமில்லை. எண் அவ்வளவுதான்.

பஸ்மினா ராத்தா உங்களுக்குச் சலாம் சொன்னா.

இப்படிக்கு,
றினாஸ்


தோஹா
2025 டிசம்பர் 12

றினாஸுக்கு,

சலாம். வெள்ளச் செய்தி பார்த்து இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்று உம்மா சொன்ன பிறகுதான் சாப்பிட்டேன். அல்ஹம்துலில்லாஹ். அது முடிந்தது.

இப்போது உன் எண். பத்து, எட்டு, ஐந்து. இது என்ன? நாற்பது கிலோவைப் பன்னிரண்டு தடவை தூக்கினவனுக்கு நாற்பத்தைந்து ஐந்து தடவையில் நிற்காது. கணக்கு ஒத்துவரவில்லை. ஒன்றில் நீ நித்திரை கொள்ளவில்லை, இல்லாவிட்டால் சாப்பிடவில்லை, இல்லாவிட்டால் மனம் அதில் இல்லை. பயிற்றுநரிடம் உன் எண்ணைக் காட்டினேன். "உன் தம்பிக்கு உண்மையில் தேர்வுக்குப் போக விருப்பமா?" என்று கேட்டார். ஆணி ஒன்றைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

உனக்கு விருப்பமா? இதற்கு மட்டும் எண் இல்லாமல் பதில் எழுதலாம்.

இந்த மாத முடிவுக்குள் எழுபது வர வேண்டும். முட்டை கூட்டு. கடலைப் பருப்பு. மீனில்லாமல் நம் ஊரில் யாரும் சாகவில்லை, அதையும் கூட்டு.

கூரையைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை.

வஸ்ஸலாம்.
அப்ராஸ்


கல்முனைக்குடி
2026 ஜனவரி 4

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் ராத்தாவும் நலம். நீங்களும் நலம்தானே? தோள்?

விருப்பம் காக்கா. சின்ன வயதில் உங்களுடைய பழைய சைக்கிளில் குறுக்குச் சட்டத்துக்குக் கீழால் காலை விட்டு ஓடின நாளிலிருந்து வேறு எதிலும் எனக்கு இவ்வளவு விருப்பம் வரவில்லை. இது போதுமா?

டிசம்பர் 31: எழுபது. ஸ்குவாட் நான்கு சுற்று, ஐந்து ஐந்து தடவை. டெட்லிஃப்ட் அதே.
ஜனவரி 3: எழுபது. அதே.

இரண்டு கேள்வி. காரணம் அல்ல, கேள்விதான்.

பைப்பை நடுவில் வைத்தால் இடது பக்கம் சாய்கிறது. வலது பக்கம் நாலு விரல் தள்ளித் தோளில் வைத்தால்தான் மட்டமாக நிற்கிறது. அப்படிச் செய்யலாமா?

மற்றது, டெட்லிஃப்ட் முடிந்த பிறகு இடது கால் பெருவிரல் கொஞ்ச நேரம் மரத்துப்போகிறது. சைக்கிள் சப்பாத்து இறுக்கமாக இருந்தால் அப்படி வருமா?

துஆவுடன்,
றினாஸ்


தோஹா
2026 ஜனவரி 9

தம்பி றினாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். எழுபது. நல்லது. பயிற்றுநரிடம் சொன்னேன், கையைத் தூக்கிக் காட்டினார்.

சாய்வு: இரண்டு பையிலும் டின் எண்ணிக்கை ஒன்றென்றால் பாரமும் ஒன்றுதான். அதில் வாதம் இல்லை. மணல் ஒரு மூலைக்கு இறங்கியிருக்கும், பையைத் தட்டிவிட்டுக் கட்டு. தள்ளி வைப்பதென்றால் வை, பரவாயில்லை.

விரல்: சப்பாத்துத்தான். நாடாவைத் தளர்த்து.

ஜனவரி முடிவில் எண்பது வேண்டும். எண்பது வந்தால் அந்தக் கடைசி ஏற்றம் உனக்கு இல்லை என்று வை.

இன்னொன்று. மே மாதம் நான் போனால் என் இடத்துக்கு ஆள் வேண்டுமென்று கம்பனி கேட்டிருக்கிறது. இது எப்படியோ காலிதீன் மாமாவின் காதுக்குப் போய்விட்டது. "அண்ணன்ட இடத்துக்குத் தம்பி, இதவிட என்ன வேணும்?" என்று போன் எடுத்தார். வேண்டாம் என்றேன். உன்னிடமும் வருவார். நீயும் வேண்டாம் என்று சொல். கதை அவ்வளவுதான்.

கூரை, கூரை, கூரை. மூன்றாவது தடவை கேட்கிறேன்.

வஸ்ஸலாம்.
அப்ராஸ்


கல்முனைக்குடி
2026 பெப்ரவரி 7

அன்பின் காக்கா அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் பஸ்மினா. உம்மா சுகம். நான் சுகம். றினாஸ் சுகமில்லை.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, நடந்தபடியே எழுதுகிறேன். நேற்று ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பும் நேரம் நாச்சியா மாமி ஓடி வந்தா. "புள்ள, உங்கட றினாஸ் பள்ளியில கதிரயில இருந்து தொழுதானாமே? கிழவனுகளுக்கு நடுவில? என்ட மகன் கண்டிரிக்கான். என்னகா நடந்த?" அவன் வந்ததும் கேட்டேன். "சும்மா, கால் உளைவு" என்றான். சப்பாத்தைக் கழற்றக் குனிய ஏலாமல் சுவரோடு நின்றான். நான்தான் கழற்றினேன். இடது பாதத்தில் நான் தொட்டது அவனுக்குத் தெரியவில்லை காக்கா. இடுப்பிலிருந்து கால் வரைக்கும் நெருப்பு இழுக்கிறதாம். டிசம்பர் கடைசியிலிருந்து இருக்கிறதாம். மூன்று வாரமாக வீட்டில் தொழாமல் ஏன் தூரத்துப் பள்ளிக்குப் போனான் என்பது இப்போதுதான் விளங்கியது. கதிரையில் இருந்து தொழுவதை நாங்கள் காணக்கூடாதாம்.

இனி நீங்கள் ஏசப் போகும் விஷயம். என் வீட்டுக்குக் கூரை இன்னும் போடவில்லை. ஒக்டோபரில் ஓடாவி வேறு வேலைக்குப் போய்விட்டார், பிறகு மாரி பிடித்துக்கொண்டது. உங்களுக்குச் சொன்னால் அங்கிருந்து அவருக்குப் போன் எடுத்துக் கத்துவீர்கள், அவர் கோபித்துக்கொண்டு வராமலே விட்டுவிடுவார் என்று உம்மாதான் சொல்லாதே என்றா. நானும் சொல்லவில்லை. றினாஸையும் சொல்லவிடவில்லை. அவன் தூக்கினதெல்லாம் திறந்த வானத்துக்குக் கீழேதான். பொலித்தீன் போட்டு மூடினான், காற்று ஒவ்வொரு தரமும் கொண்டுபோனது. பைகளை உள்ளே கொண்டுவரக் கேட்டான். வீடெல்லாம் மணலாகும் என்று உம்மா விடவில்லை.

இன்று காலை ஓடாவி ஒருவழியாக வந்தார். கூரைச் சலாகை ஏற்ற இடம் வேண்டுமென்று உங்கள் தம்பியின் பையை ஒதுக்கப் போனவர், முடியாமல் நிமிர்ந்தார். "தங்கச்சி, இதுக்குள்ள மணலா, ஈயமா?" என்றார். உளியால் ஒரு குத்துக் குத்தினார். குழாய் திறந்த மாதிரித் தண்ணீர் பாய்ந்தது. அந்தப் பையின் உட்பக்கப் பொலித்தீன் கிழியவில்லை, பெய்ததெல்லாம் உள்ளேயே நின்றிருக்கிறது. மற்றப் பையில் அது கிழிந்து ஒழுகியிருக்கிறது. குத்தின ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டு, நெல் நிறுக்கும் தராசை எடுப்பித்து நிறுத்தோம். டின் கணக்கில் ஒவ்வொன்றும் முப்பத்தைந்து. தராசில் இடது பை, தண்ணீர் கொஞ்சம் போன பிறகும், நாற்பத்தாறு. வலது முப்பத்தெட்டு.

எண்பது என்று அவன் உங்களுக்கு எழுதி வைத்திருந்தது தொண்ணூற்றுநாலு காக்கா. ஒரு பக்கம் எட்டுக் கிலோ கூட.

அவனுக்கு ஏசாதீர்கள். எனக்கு ஏசுங்கள்.

உங்கள் தங்கச்சி,
பஸ்மினா


தோஹா
2026 பெப்ரவரி 8

றினாஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ எப்படி இருக்கிறாய்?

ஒன்றையும் தூக்காதே. தண்ணீர்ப் பானையும் தூக்காதே. சைக்கிளைத் தொடாதே. நாளைக்கே டொக்டரிடம் போ. பஸ்மினாவைக் கூட்டிக்கொண்டு போ, நீ தனியப் போனால் பாதியை மறைப்பாய். ஸ்கான் எடுக்கச் சொன்னால் மட்டக்களப்புக்குப் போய் எடு.

நான் நிறுத்த மணல் இந்த ஊர் மணல். இங்கே அது எப்போதும் காய்ந்து கிடக்கிறது. பெருவிரல் மரத்தது நரம்பு. சப்பாத்து அல்ல. இதை இன்று பயிற்றுநர் ஒரு நிமிடத்தில் சொன்னார். ஒரு மாதத்துக்கு முன் உன் கடிதத்தில் இருந்தது, நான் அவரிடம் கேட்கவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது: குனிய ஏலுமா, சிறுநீர் போவதில் பிரச்சினை இருக்கிறதா, டொக்டர் என்ன சொன்னார். உடனே எழுது. எவ்வளவு நீளமாகவும் எழுது.

அப்ராஸ்


கல்முனைக்குடி
2026 பெப்ரவரி 27

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ். நோன்பு எப்படிப் போகிறது? வெயில் கடுமையா? இங்கே உம்மாவும் ராத்தாவும் நலம். ராத்தாவின் வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. கல்யாணப் பேச்சும் வந்து, மாப்பிள்ளை வீட்டார் மாதம் கேட்டிருக்கிறார்கள். மூன்று வாரமாக நீங்கள் போன் எடுக்கும் நேரமெல்லாம் நான் படுத்திருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அது உண்மையும்தான்.

ஸ்கான் எடுத்தோம். முள்ளந்தண்டின் கீழ்ப்பக்கத்து வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை நசுக்குகிறதாம். நீங்கள் கேட்ட மற்றப் பிரச்சினை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். மூன்று மாதம் குனியக்கூடாது, தூக்கக்கூடாது. பிறகு பார்ப்போம் என்றார் டொக்டர். "சேர், ஏப்ரலில ஒரு சைக்கிள் தேர்வு" என்றேன். அவர் ராத்தாவைப் பார்த்து, "இவருக்கு நான் சொன்னது கேட்டதா?" என்றார்.

உங்களுக்குப் பயந்துதான் வலியை மறைத்தேன் என்று ராத்தா நினைக்கிறா. அது பாதிதான் சரி. வலிக்கிறது என்று எழுதினால் நீங்கள் நிறுத்துவீர்கள், நிறுத்தினால் தேர்வு இல்லை. அதனால் எழுதவில்லை. எழுபது வந்தபோது "நல்லது" என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு அன்றைக்கே எழுபத்தைந்து தூக்கினேன். பிழையை நீங்கள் முழுக்க எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பங்கையும் விடுங்கள்.

இனிச் சொல்ல வேண்டியது. ஜனவரி நடுவில் காலிதீன் மாமா வந்தார். நீங்கள் சொன்னபடி வேண்டாம் என்றுதான் தொடங்கினேன். "தேர்வில எடுபட்டா விசாவக் கிழிச்சிப் போடுவம், எடுபடாட்டி என்ன செய்வாய் மகன்?" என்று கேட்டார். அன்று காலையில் படுக்கையால் எழும்ப எனக்குக் கால் மணித்தியாலம் எடுத்திருந்தது. பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டேன். போன கிழமை மெடிக்கலும் முடிந்தது. நெஞ்சுப் படமும் இரத்தமும்தான் பார்த்தார்கள். முதுகை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தேறிவிட்டேன்.

கோபிக்காமல் யோசியுங்கள். ஜூன் வரைக்கும் எனக்கு ஓய்வு கிடைக்கிறது. உங்கள் வேலை மெஷின் திருத்துவதுதானே, ஸ்பேனர் பிடிக்க முதுகு தேவையில்லை. சைக்கிள்தான் இல்லையென்று ஆகிவிட்டது, வேலையாவது இருக்கட்டும். நீங்கள் வாருங்கள். நாலு வருடமாக மதினி தன் வீட்டில் தனியே நோன்பு திறக்கிறா. நீங்கள் வருகிற மே மாதத்தைச் சொல்லும்போது அவவின் குரலே வேறு.

எனக்காகத் துஆச் செய்யுங்கள்.

உங்கள் தம்பி,
றினாஸ்


தோஹா
2026 மார்ச் 6

என் தம்பி றினாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு. வலி எப்படி? இரவில் எந்தப் பக்கம் படுக்கிறாய்? கால் உணர்வு கொஞ்சமாவது திரும்பியிருக்கிறதா? மருந்துக்காக நோன்பை விடச் சொன்னால் விட்டுவிடு, பிறகு வேறு நாளில் பிடித்துக் கழாச் செய்யலாம். உம்மாவுக்குச் சலாம். பஸ்மினாவுக்குச் சலாம், அவள் எழுதியிராவிட்டால் நான் இன்னும் எண் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

உன் கடிதம் வந்து ஏழு நாள். ஒவ்வொரு நாளும் எழுதத் தொடங்கி அழித்தேன். நான் உங்கள் ஒருவருக்கும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. ஸ்பேனர் பிடிப்பது நாளில் ஒரு மணித்தியாலம். மிச்ச நேரம் தூக்குவது. ஜிம்மில் ஏறி நின்று ஓடும் மெஷின் ஒன்று நூற்றெண்பது கிலோ. பல ஹோட்டல்களில் சாமான் லிஃப்டுக்குள் அது போகாது. நாலு பேர், படிக்கட்டு, மூன்று மாடி, நாலு மாடி. என் தோள் படுத்த பக்கத்தால் போகவில்லை. போன வருடம் எங்களோடு இருந்த ஒரு நேபாளப் பொடியனுக்கு இடுப்பில் இதே வட்டு, இதே கால். அவனை விமானத்தில் ஏற்றும்போது சக்கர நாற்காலி கேட்டார்கள். உனக்கு டெக்னீசியன் என்று அட்டை தருவார்கள், எனக்கும் அதுதான் தந்தார்கள். உன் முதுகோடு நீ அந்தப் படிக்கட்டில் ஒரு மாதம் நிற்கமாட்டாய். பிறகு உனக்குச் சைக்கிளும் இல்லை, நடையும் இல்லை.

"வரக்கூடாது" என்று மட்டும் எழுதினேன், ஏன் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ பாஸ்போட்டைக் கொடுத்திருக்கமாட்டாய். உன் பங்கை விடச் சொன்னாய். விட்டேன். இது என் பங்கு.

நான் இனிச் செய்யப் போவது:

1. நாளை மறுநாள், ஞாயிறு, அலுவலகம் திறந்த உடனே மேலாளரிடம் போவேன். இன்னும் இரண்டு வருடம் நிற்கிறேன் என்று கையெழுத்து வைப்பேன். நான் போனால்தான் உனக்கு இந்தக் கம்பனியில் இடம். நான் போகாவிட்டால் இடம் இல்லை, விசாவும் இல்லை. வேறு எந்த வழியில் நிறுத்தினாலும் மாமா இன்னொரு கதவைத் தட்டுவார்.

2. காலிதீன் மாமாவுக்கு நானே போன் எடுப்பேன். பாஸ்போட்டை உன் கையில் கொண்டுவந்து தரச் சொல்வேன். கோபிப்பார். உன் மெடிக்கலில் மறைத்ததைக் கம்பனிக்குச் சொல்வேன் என்பேன். அதன் பிறகு கோபம் குறையும்.

3. பஸ்மினாவின் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லமாட்டேன். பெருநாளைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் கேட்ட மாதத்திலேயே நடக்கட்டும். நான் இருக்கமாட்டேன். வாப்பா இல்லை, அவர் இடத்தில் நீ நின்று செய். கதிரையில் இருந்து செய்தாலும் குறையில்லை.

4. உன் ஸ்கான் படத்தைப் பயிற்றுநரிடம் காட்டுவேன். அவர் என்னை ஏசி முடியும் வரைக்கும் நிற்பேன். அவர் சொல்வதை உனக்கு எழுதுவேன், ஆனால் அதை உன் டொக்டரிடம் காட்டி அவர் ஓம் என்றால்தான் செய்ய வேண்டும்.

5. வயதெல்லை இல்லாத சைக்கிள் குழு நாட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடுவேன். இருக்கிறது என்று உனக்கு வாக்குத் தரவில்லை. தேடுவேன்.

6. ஹுஸ்னியாவிடம் நானே சொல்வேன். நீயும் சொல்லாதே, பஸ்மினாவும் சொல்லக்கூடாது. இன்று காலை அவள் போன் எடுத்தாள். நான் வருவதற்கு முன் அறைக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறாளாம், என்ன நிறம் என்று கேட்டாள். நீலம் என்றேன். மற்ற ஐந்துக்கும் நாளும் நேரமும் வைத்திருக்கிறேன். இதற்கு இன்னும் வைக்கவில்லை.

வஸ்ஸலாம்.
அப்ராஸ்